இருளாயி இடப்பக்கம் பார்க்கிறாள்

மதுரையில் நான் ஏறிய பேருந்து ராஜபாளையத்தில் என்னை மட்டும் இறக்கிவிட்டு, என் தூரிகைப் பெட்டியோடு செங்கோட்டைக்குப் போய்விட்டது. அது நிலையத்தை விட்டு வெளியேறி வளைவில் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கத்தியிருக்கலாம். பின்னாலேயே ஓடி இரண்டு தட்டு தட்டியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றிருந்தது.

நான் வந்த காரியம் இது. என் தாத்தா வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்திலிருந்து மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர். நான் ஈப்போவில் பிறந்து ஈப்போவிலேயே ஐம்பத்தெட்டு வயதை எட்டியவள். ஊரில் எங்கள் குலதெய்வம் இருளாயி அம்மன் கோயிலைப் புதுப்பித்துக் குடமுழுக்குக்கு நாள் வைத்திருந்தார்கள். செங்கலும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய அம்மன் சிலைக்குப் புது வண்ணம் பூசியாகிவிட்டது. கண்ணுக்குள் கருமணி மட்டும் பாக்கி. கூலிக்கு வந்த ஓவியர் அதைத் தொடக் கூடாதாம். எங்கள் குல வகையறாவில் பிறந்த ஒருவர்தான் கருமணி வைத்துக் கண்ணைத் திறக்கவேண்டுமாம். ராஜபாளையத்தில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தங்கை பேச்சியம்மாள் தொலைபேசியில், "நம்ம வகையறாவுலயே படம் வரையுதவ நீ ஒருத்திதாம்க்கா. நீ வந்து தொறந்தாத்தான் எங்களுக்கு நெறவு" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று. ஒன்பது மாதமாக என் வலது கை நடுங்குகிறது. ஈப்போ மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். இது கூடும், குறையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எனக்குக் கோயில், பூசை, விரதம் என்று எதுவும் ஒட்டியதில்லை. காகிதத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு கோட்டை இழுப்பதுதான் என் சாமி கும்பிடுதல். இருபது வருஷமாக வார இறுதி வகுப்பு வைத்து, ஓய்வு பெற்ற ஆசிரியைகளுக்கும் கடைக்காரர் மனைவிகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். கோடு பொய் சொல்லாது, கோட்டைப் போடு, உள்ளே இருக்கிற உன்னைப் பார் என்பேன். கை ஆடத் தொடங்கியதும் மணிக்கட்டில் சுளுக்கு என்று சொல்லி வகுப்பை மூடிவிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டு வந்தேன். இருளாயி முன்னால் இரண்டே இரண்டு பொட்டு வைக்கிற நேரம் இந்தக் கை அடங்கி நின்றால், அங்கே அவள் இருக்கிறாள், இங்கே நானும் இருக்கிறேன். நிற்காவிட்டால் என்ன என்பதை யோசிக்காமலேயே விமானம் ஏறினேன்.

தூரிகையே இல்லாமல் போனால் பந்தயமும் இல்லை. அதனால்தான் அந்த அப்பாடா.

பேச்சி பழைய பேருந்து நிலையத்தில் காத்திருந்தாளாம். நான் இறங்கியது புதியதில். ஆட்டோவில் வந்து இறங்கும்போதே பொரிந்து தள்ளினாள். "பழசுலல்லா நிக்கேன் ஒரு மணி நேரமா! போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" பெட்டி போன கதையைச் சொன்னதும் அவள் கோபம் காணாமல் போய், தன் புருஷனைக் கூப்பிட்டாள். ராமர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது பேண்டேஜ் துணி நெய்கிற ஆலை ஒன்றில் காவல் வேலை பார்க்கிறார். அவர் டிப்போவில் ஒருவருக்குப் பேச, அவர் நடத்துநருக்குப் பேச, அந்தியில் அதே வண்டி திரும்பி வரும்போது என் பெட்டி ஒரு துண்டில் பொதிந்து வந்து சேர்ந்தது.

"ஒண்ணு கூடக் கொறையல மதினி. எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றார் ராமர், மலர்ந்த முகத்தோடு. எங்கள் ஊரில் ரயிலில் குடையை விட்டால் விட்டதுதான். இங்கே மனிதர்கள் இப்படி ஈவிரக்கமில்லாமல் உதவி செய்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

இரவு பரோட்டாவும் சால்னாவும். ஈப்போவில் கரண்டி கையில் எடுத்தாலே என் குட்டு வெளிப்பட்டுவிடும். இங்கே எல்லாரும் கையால் பிய்த்துப் பிசைந்து சாப்பிடுவதால் என் விரல் ஆட்டம் சால்னாவோடு கலந்துவிட்டது. மூன்று பரோட்டா சாப்பிட்டேன். சூடான டம்ளர்தான் ஆபத்து. ஆறின காப்பிதான் குடிப்பேன் என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன். "வெளிநாட்டுல அப்பிடித்தான் போல" என்று பேச்சி தன் மகளிடம் சொல்வது கேட்டது.

மறுநாள் பசியாறின பிறகு மாடிக்குப் போனேன். மேற்கே மலை, வேட்டி நனைத்துக் காயப்போட்டதுபோல் மேகம். எங்கள் ஈப்போ மலைகள் சுண்ணாம்புக் குன்றுகள், ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். இந்த மலை எட்டவே நிற்கிறது. ராமர் ஆலையிலிருந்து கொண்டுவந்த கழிவுத் துணி ஒரு மூட்டை கிடந்தது. புண்ணுக்குக் கட்டுகிற துணி. அதை விரித்து வைத்துக் கண் வரைந்து பார்த்தேன். எங்கள் வழக்கப்படி, கண் திறக்கிறவர் அம்மனின் பார்வையை நேருக்கு நேர் வாங்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, எதிரே பிடித்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் கருமணி வைக்கவேண்டும். நானும் பேச்சி மகளின் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து முயன்றேன். நாற்பது கண்ணாவது இருக்கும். ஒன்று கூட ஒழுங்கில்லை. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறது. ஆடுகிற கையைத் திருத்தப் போனால் தப்பு இரட்டிப்பாகிறது.

மாடி வீட்டு ராஜு வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ரண்டி, கூச்சோண்டி" என்று உள்ளே அழைத்துத் தெலுங்கில் மடமடவென்று பேசினார். பேச்சி மொழிபெயர்த்தாள். அவருடைய நாயை வரைந்து தரவேண்டுமாம். வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஜா நிறத்தில், பெரிய இடத்துப் பிள்ளைபோல் நிமிர்ந்து நின்ற நாய். மறுக்க முடியாமல் வரைந்தேன். என் நடுக்கமெல்லாம் நாயின் மயிராக விழுந்து, படம் அச்சு அசலாக வந்துவிட்டது! அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாய்க்கு ஆகிற கோடு அம்மனுக்கு ஆகுமா? கீழே இறங்கி, வரைந்த கண்களையெல்லாம் சுருட்டி அடுப்புக்குள் போடச் சொன்னேன். "ஏன்க்கா, நல்லாத்தான இருக்கு" என்றாள் பேச்சி. அவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். நாச்சியாரைப் பார்த்துவிட்டுப் போனால் மனசு அடங்கும் என்று பேச்சி சொன்னாள். என் மனசு அடங்காமல் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. பேருந்தில் நின்றுகொண்டே பயணம். இறங்கியதும் தெருவெல்லாம் பால்கோவா வாசனை. கடைக்காரர் ஒரு வில்லையை இலையில் வைத்து நீட்டினார். வாங்கும்போது கை ஆடி அது புழுதியில் விழுந்தது. "பரவால்லம்மா, பசிச்ச எறும்பு தின்னுக்கிடும்" என்று இன்னொன்று தந்தார்.

சன்னதியில் நாச்சியாரின் இடக்கையில் கிளி. இலையும் பூவும் கொண்டு தினமும் புதிதாகச் செய்கிற கிளி, மாதுளம்பூவில் மூக்கு. வெளியே வரும்போது ஒரு பெண் நேற்றைய கிளியைப் பிரசாதமாக வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். இலை ஓரங்கள் சுருண்டிருந்தன. பூக்காரியிடம், "இது வாடிப்போனா?" என்று கேட்டேன். "வாடத்தாம்மா செய்யும். நாளைக்குத்தான் வேற கிளி வருதுல்லா" என்றாள், பூத்தொடுப்பதை நிறுத்தாமல்.

இருபது வருஷம் நான் வகுப்பில் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தக் கிளியில் இருந்தது. செய், கொடு, மறந்துவிடு, நாளைக்கு மறுபடி செய். எனக்கு நாளைக்கு மறுபடி செய்கிற கை இல்லையே என்றுதான் தோன்றியது. பிராகாரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மூடின கண்ணுக்குள்ளும் கை ஆடுவது தெரிந்தது. இந்த மனுஷி எதற்கு இத்தனை தூரம் வந்தாள் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

நான்காம் நாள் வத்திராயிருப்பு வழியாக மகாராஜபுரம் போனோம். வழியில் டயர் வெடித்து, தென்னந்தோப்பு ஓரத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். பயணிகளில் பாதிப்பேர் இறங்கி டயர் மாற்ற ஆலோசனை சொன்னார்கள், மீதிப்பேர் என்னிடம் மலேசியாவில் மழை உண்டா என்று கேட்டார்கள். பிளவக்கல் அணைத் தண்ணீர் திறந்து வயலெல்லாம் நிறைந்திருந்தது. இவ்வளவு பச்சையை இப்படி வெறுப்போடு பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கோயில் சிறியது. முன்னால் வெட்டவெளி, எங்களுக்கு இடப்பக்கம் ஒரு தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றிச் சேறு. உள்ளே இருளாயி உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை, சிவந்த வாய், வெறும் வெள்ளைக் கண்கள். அந்த வெள்ளையைப் பார்க்கவே முடியவில்லை. என்னிடம் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.

வண்ணம் பூசிய மாடசாமி முப்பத்தைந்து வயசுக்காரர். சுவர் விளம்பரம், சப்பரம், சாமி சிலை எல்லாம் செய்கிறவர். அவர் டீ வாங்கி வந்து கொடுத்தார். ஆறட்டும் என்று சொல்வதற்குள் டம்ளர் என் கையில் இருந்தது. சேலையெல்லாம் டீ.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "தப்பா நெனைக்காதிய யக்கா. கை ஆடுதுல்லா?" என்றார்.

"பயணக் களைப்பு."

"இல்லக்கா. எங்கய்யாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. நாளைக்கு நான் ஒங்க கையப் பிடிச்சுக்கிடுதேன். நாங்க தொடக் கூடாதுங்கது கண்ணத்தான். ஒங்க கையப் பிடிச்சா ஒண்ணுமில்ல. வழக்கந்தான் அது."

ஆறுதலுக்கு அளக்கிறார் என்று நினைத்தேன். "முப்பது வருஷமா வரையறேன் தம்பி. என் கையை யாரும் பிடிக்க வேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "சரிக்கா, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக் கழுவப் போனார்.

ஐந்தாம் நாள் விடிகிற நேரம். அம்மனுக்கு முன்னால் சிவப்புப் பட்டுத் திரை கட்டியிருந்தார்கள். திரைக்கு வெளியே கன்றோடு ஒரு பசு, நெல் குவியல், ஏழு சிறுமிகள், அவர்களுக்குப் பின்னால் வகையறா முழுக்க. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்தார்கள். போலீஸ் வேலையில் இருக்கிற ஒருவர் விடுப்புக் கிடைக்காமல் சண்டை போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அம்மனின் முதல் பார்வை மேலே படவேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. திரைக்கு உள்ளே நான், மாடசாமி, ஒரு விளக்கு. அவர் கண்ணாடியைப் பிடித்தார். நான் தூரிகையைக் கறுப்பில் தோய்த்தேன்.

மேளம் உச்சத்துக்குப் போனது. இப்போது நில்லு என்று கைக்குச் சொன்னேன். தாயே, இப்போது மட்டும் என்று அவளுக்கும் சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே பிரார்த்தனை அதுதான்.

கை நிற்கவில்லை. தூரிகை வெள்ளையில் பட்டதும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடியைப் பார்த்துத் திருத்தினேன், இன்னும் அதே பக்கம் போனது. கருமணி நடுவில் இல்லை. இமையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஈரத் துணிக்குக் கை நீட்டினேன். மாடசாமி தலையை ஆட்டினார். "அழிக்கக் கூடாதுக்கா. தொறந்த கண்ண மூடக் கூடாது."

ஒரு கண் ஓரம் பார்க்க, இன்னொரு கண் நேரே பார்த்தால் அம்மனுக்கு மாறுகண் ஆகிவிடும். வேறு வழியில்லை. இடது கையால் வலது கையை இறுக்கிக்கொண்டு, இரண்டாவது கருமணியையும் அதே ஓரத்தில் வைத்தேன். அது ஓரளவு சரியாக விழுந்தது. தப்பைத் தப்போடு பொருத்துகிற அளவுக்குத்தான் எனக்குள் ஓவியக்காரி மிச்சம் இருந்தாள்.

அப்போதுதான் கண்ணாடியைச் சரியாகப் பார்த்தேன். அம்மன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கண்ணை உருட்டுகிற முகம். அதில் பக்தி இல்லை. அம்மனைப் பற்றிய நினைப்பே இல்லை. வெளியே நிற்கிற ஜனங்களைப் பற்றியும் இல்லை. என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் இருந்தது. கோட்டைப் போடு, உன்னைப் பார் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அன்றைக்குப் பார்த்தேன். இதைப் பார்ப்பதற்கா இத்தனை வருஷம் உட்கார்ந்து வரைந்தேன் என்றிருந்தது.

"ஆச்சாக்கா?" வெளியே பேச்சி குரல் கொடுத்தாள். மாடசாமி திரையை அவிழ்த்தார்.

குலவை எழும்பி, பாதியில் நின்றது. பசு மட்டும் அசைபோட்டது. எல்லாரும் அம்மனைப் பார்த்தார்கள், அம்மன் அவர்களைப் பார்க்கவில்லை. "மதினி, அவ எங்க பாக்கா?" என்று ராமர் மெதுவாகக் கேட்டார். பிறகு ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடப்பக்கம் நடந்து, குழாயடிச் சேற்றில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கனதான் பாக்கா. எல்லாரும் இங்கன வாங்க."

மொத்தக் கூட்டமும் நகர்ந்தது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கி அவள் பார்வையில் காட்டினார்கள். பசுவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். குலவை மறுபடி எழும்பியது. "அந்தக் கொழாய அந்தாக்குல மாத்திருங்கடே" என்றது ஒரு குரல். "அடுத்த வாரம் இந்தப் பக்கம் சிமெண்டு போட்டிருவோம்" என்றது இன்னொன்று. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெல் குவியலுக்குப் பக்கத்தில், எல்லாரும் நிற்கவேண்டிய இடத்தில், நான் மட்டும் வந்து நின்றேன்.

மறுபடி வண்ணம் பூசப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அப்போது எனக்கு எழுபது. அதுவரைக்கும் அவள் இப்படித்தான்.

மதியப் பந்தியில் பாயசம் வரைக்கும் பரிமாறினார்கள். இலையை மூடிவிட்டேன். மறுநாள் காலை, மகாராஜபுரத்தில் தங்கியிருந்த வீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பேச்சி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மாடசாமி சொன்னான். கைக்கு முடியலயாமே. ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வேற ஆளை வச்சிருப்பீங்க."

"வேற ஆளா? எதுக்கு?" அவள் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "போன தடவ தொறந்தது யாருன்னு நெனைக்க? மூக்கையா சித்தப்பா. அவியளுக்குக் கண்ணே தெரியாது. பெயிண்டர் கையப் பிடிச்சுத்தான் வச்சாரு. அதுக்கு முந்தி தொறந்தது மூணு வயசுப் பிள்ள. எல்லாரும் கையப் பிடிச்சுத்தான் தொறந்திருக்காவ. ரத்தம் நம்மதா இருந்தாப் போதும், வரையத் தெரியணும்னு யாருக்கா கேட்டா?"

"நான் வரையறவள்னுதான கூப்பிட்ட?"

"அது ஒரு பெருமைக்குச் சொன்னது. நீ வரணும்லா, அதுக்கு."

அவர்கள் கேட்டது என் கையை அல்ல. கேட்டது என்னை. என்னைக் கொண்டுவராமல் கையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அதுவும் கெட்டுப்போன கையை. பேச்சி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை.

பேருந்துக்குப் போகிற வழியில் கோயிலில் நிறுத்தினோம். கும்பிட்டுவிட்டுப் போகாமல் இருக்க முடியாது. குழாயடியில் ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் அது வழக்கமாகிவிட்டது. நான் பேசாமல் நேர் எதிரே போய் நின்று கைகூப்பினேன். கூப்பின கை ஆடியது.

"அங்கன எதுக்கு நிக்க? அங்கன அவ பாக்க மாட்டா. இங்கன வா" என்று பேச்சி ஓடிவந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். பாத்திரம் தேய்த்துக் காய்ப்பேறின, கெட்டியான பிடி. அந்தப் பிடிக்குள் என் கை ஆட்டம் நின்றுவிட்டது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகச் சுத்தமாக நின்றது. குழாயடி வரைக்கும் அவள் இழுத்துக்கொண்டு போனாள், நின்றபடியே இருந்தது. முந்தின நாள் விடியலில் பிடித்துக்கொள்வதாக மாடசாமி சொன்னதும் இந்தக் கையைத்தான்.

"பாரு, இப்பப் பாக்கா பாரு ஒன்னய" என்றாள் பேச்சி.

அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். எனக்குத்தான் முகத்தைத் தூக்க முடியவில்லை. குழாயடிச் சேற்றில் என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.